ரேடியோ செட்டில் போட்டுப் பாருங்கள்: 'ஹிப்ஹாப் தமிழன்', 'தெருக்குரல்' – ஒரு நாயம்

கொங்குப் பக்கம் வெறும் பேச்சுக்கே 'நாயம்' என்றுதான் பெயர். "வாங்க, கொஞ்ச நேரம் நாயம் பேசிட்டுப் போலாம்" என்று ஒருவர் சொன்னால் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுகிறார் என்று அர்த்தமில்லை. டீ குடிக்கக் கூப்பிடுகிறார். நியாயம் என்ற சொல் தேய்ந்து தேய்ந்து எங்கள் வாயில் அரட்டைக்குப் பெயராகிவிட்டது. ஆனால் பழைய அர்த்தம் முழுசாகப் போய்விடவும் இல்லை. தாராபுரம் பேக்கரிகளில் சாயங்காலம் நடக்கும் எந்த அரட்டையும் பத்து நிமிஷத்தில் ஒரு வழக்காக மாறிவிடும். இரண்டு கட்சி, நாலு சாட்சி, ஒரு மத்தியஸ்தர்.

எங்கள் செட்டில் ரொம்ப வருஷமாக முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு, ஆதியா அறிவா என்பது. ஆதி கட்சிக்காரர்கள் சொல்வது: "அவரு கதவத் தொறக்கலைன்னா இவங்க யாருமே உள்ள வந்திருக்க முடியாதுங்க." அறிவு கட்சிக்காரர்கள் சொல்வது: "அவரு அட்வைஸ் பண்றாரு, இவரு வாழ்ந்ததப் பாடுறாரு. ரெண்டும் ஒண்ணா?" மூன்றாவதாக ஒருவர் எப்போதும் இருப்பார். பப்ஸைக் கடித்துக்கொண்டே, "எனக்கு ரெண்டும் புடிக்கும், நான் நியூட்ரல்" என்பார். அதோடு அன்றைய நாயம் முடிந்து டீக்குக் காசு கொடுக்கப் போவோம்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஆளுக்காக. கட்சி கட்டாத ரசிகராக இரண்டையும் வைத்துப் பார்க்க முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பார்த்து முடித்த பிறகும் "ரெண்டும் புடிக்கும்" என்ற இடத்திலேயே நிற்க முடியுமா என்பது வேறு கேள்வி.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடலாம். ஆதியையும் அறிவையும் ஆட்களாக ஒப்பிட்டால் வேலைக்கு ஆகாது. ஒருவர் 2015இல் 'ஆம்பள'யில் இசையமைப்பாளராகி, 2017இல் 'மீசைய முறுக்கு' இயக்கி, நாயகனாகவும் ஆனவர். இன்னொருவர் 'காலா'வில் பாட்டெழுதி, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையில் நின்று, 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' வழியாக உலகம் சுற்றியவர். சினிமா, பேட்டி, சர்ச்சை எல்லாம் உள்ளே வந்தால் இசை வெளியே போய்விடும். அதனால் இரண்டே ஆல்பம்: ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' (2012), அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த 'தெருக்குரல்' (2019). சினிமாவைச் சாராமல், தங்கள் பெயரில், முழு ஆல்பமாக இருவரும் வந்து நின்ற இடங்கள் இவை.

எண்ணிக்கை என்னும் குறுக்குவழி

ஹிப்ஹாப்பில் ஆல்பத்தை ஆல்பத்தோடு மோதவிடுவது பழைய விளையாட்டு. 2007 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் கான்யே வெஸ்டின் 'கிராஜுவேஷன்', 50 சென்ட்டின் 'கர்டிஸ்' இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. கான்யே அதிகம் விற்றுவிட்டால் இனி தனி ஆல்பமே போடமாட்டேன் என்று 50 சென்ட் சவால் விட்டார். முதல் வாரத்தில் 'கிராஜுவேஷன்' சுமார் 957,000 பிரதிகள், 'கர்டிஸ்' சுமார் 691,000. கான்யே ஜெயித்தார். 50 சென்ட் அதன்பிறகும் ஆல்பம் போட்டார், அது வேறு விஷயம்.

அந்தப் போட்டியில் இன்று பேசப்படுவது விற்பனைக் கணக்கு மட்டுமில்லை. துப்பாக்கியும் தெருச்சண்டையுமாக இருந்த ராப்பின் மையத்தை, கல்லூரி மாணவனின் கர்வமும் சின்தசைசரும் பிடித்துக்கொண்ட தருணம் என்று அதைச் சொல்கிறார்கள். எண்ணிக்கை யார் ஜெயித்தார் என்று சொல்லும். எது மாறியது என்று சொல்லாது.

நம்மூரில் இந்தக் கணக்கு யூட்யூப் வியூஸில் நடக்கிறது. அதில் நியாயமே கிடையாது. 2012இல் எங்கள் ஊரில் பாட்டு என்றால் மெமரி கார்டு. மொபைல் கடையில் கார்டைக் கொடுத்துவிட்டு மார்க்கெட் போய் வந்தால் பாட்டு ஏற்றி வைத்திருப்பார்கள். 'கிளப்புல மப்புல' அப்படித்தான் பல பேருடைய போனுக்குள் வந்தது. பாடியது யார் என்றே தெரியாமல் கேட்டோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 'தெருக்குரல்' வெளியானபோது எல்லார் கையிலும் நெட் இருந்தது. ஒன்று டவுன்பஸ் காலத்து ஆல்பம், இன்னொன்று எக்ஸ்பிரஸ் காலத்து ஆல்பம். யார் முதலில் போய்ச் சேர்ந்தார் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

'வல்லவன்' கொடுத்த படிக்கல்

தராசில் வைப்பதற்கு ஒரு படிக்கல் வேண்டும். என்னைப் பொறுத்தவரை அது மலேசியாவிலிருந்து வந்த 'வல்லவன்' (2006). யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'யோகி பி & நட்சத்ரா' என்ற பெயரில் செய்தது. அதற்கு முன் தமிழில் ராப் இல்லையா என்றால், 'காதலன்' (1994) படத்தின் 'பேட்டை ராப்' இருந்தது. ஆனால் அது சினிமாவுக்குள் ஒரு நாலு நிமிஷ விருந்தாளி. 'வல்லவன்' வந்தபோதுதான் தமிழில் ஒரு முழு ஆல்பம் ராப் தாங்கும் என்று தெரிந்தது.

அதில் வந்த 'மடை திறந்து' பாட்டு, இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய 'நிழல்கள்' (1980) பாட்டின் மேல் கட்டப்பட்டது. பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் குரலை அதன் மேல் ஏற்றுவது ஹிப்ஹாப்பின் அடிப்படைத் தொழில். அமெரிக்கர்கள் ஜேம்ஸ் பிரவுனை எடுத்தார்கள், கோலாலம்பூர்த் தமிழர்கள் ராஜாவை எடுத்தார்கள். நம்முடைய பரம்பரைச் சொத்து எது என்று நமக்கே காட்டிய வேலை அது. ஹிப்ஹாப் என்றால் பிறத்தியார் தாளத்தில் தமிழ்ச் சொல்லைப் போடுவது மட்டுமில்லை, நம்மிடம் இருக்கும் தாளத்தைத் திரும்பக் கேட்பதும்தான் என்ற பாடத்தை 'வல்லவன்' சொல்லிவிட்டுப் போனது. பின்னால் வந்த இரண்டு ஆல்பங்களும் அந்தப் பாடத்தை எப்படி எழுதின என்று பார்ப்போம்.

முதல் எடை: யாப்பு

தமிழில் ராப் எழுதுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. அதுவே பெரிய கண்ணியும்கூட. நம் வாக்கியம் வினையில் முடியும். வந்தேன், நின்னேன், சொன்னேன் என்று வரிசையாக எழுதினாலே கடைசி ஓசை தானாக ஒத்துப்போகும். இலக்கணத்தில் இதற்கு இயைபு என்று பெயர். ஆங்கிலத்தில் ராப் எழுதுகிறவர் ஒரு கடைசி ரைமுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் அது இலவசம். இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்புக் கம்மி. அதனால்தான் நம் செய்யுள் மரபு எதுகையிலும் மோனையிலும் உழைப்பைப் போட்டது. இரண்டாம் எழுத்து ஒத்துவர வேண்டும், முதல் எழுத்து ஒத்துவர வேண்டும். ஓசை அழகு அடியின் தலையில் இருந்தது.

'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பத்தை இந்தக் காதோடு கேட்டால், ஆதி பெரும்பாலும் கடைசி ஓசையை நம்புகிறார் என்று தெரியும். சொல்லவந்த விஷயம் உடனே புரியும், கூடவே பாட முடியும். கூட்டத்தைப் பாடவைக்கும் எழுத்து அது. அவருடைய நிஜமான பலம் வேறு இடத்தில் இருக்கிறது: மெட்டு. 'இறைவா', 'செந்தமிழ்ப் பெண்ணே' போன்ற பாடல்களில் ராப் பகுதியை விட அந்தப் பல்லவிதான் மண்டைக்குள் தங்குகிறது. பின்னாளில் அவர் சினிமா இசையமைப்பாளர் ஆனதில் ஆச்சரியமே இல்லை. அந்த விதை இந்த ஆல்பத்திலேயே கிடக்கிறது.

அறிவு எழுதும் விதம் வேறு. அவர் ஒரே மூச்சில் சொற்களை அடுக்குகிறார். இரட்டை வல்லினம் வரும் சொற்களைத் தேடிப் பிடிக்கிறார். க்க, ட்ட, ப்ப என்று தமிழில் இரட்டிக்கும் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு அடி. பறை அடிக்கிறவர் குச்சியை எங்கே இறக்குவாரோ அங்கே சொல்லை இறக்குகிறார். எதுகை வரியின் நடுவிலும் வருகிறது, எதிர்பார்க்காத இடத்தில் திருப்பி அடிக்கிறது. ஆஃப்ரோவின் இசையும் சும்மா பின்னால் ஓடாமல் அந்த இறக்கத்துக்கு இடம் விட்டுப் போகிறது. குறை இல்லையா என்றால் இருக்கிறது. சில இடங்களில் பாட்டு கோஷமாக இறுகிவிடுகிறது. சொற்கள் அடுத்தடுத்து வந்து விழும்போது கேட்கிறவருக்கு மூச்சு வாங்கும். ஆதியிடம் கிடைக்கும் அந்த நிழல் இங்கே கம்மி.

மெட்டுக்கு ஆதி, யாப்புக்கு அறிவு. இதுவரை தராசு சமமாகத்தான் நிற்கிறது.

இரண்டாம் எடை: ஊர்

ஹிப்ஹாப் எங்கே பிறந்தாலும் முதலில் தன் ஏரியா பெயரைச் சொல்லும். நியூயார்க்கின் பிராங்ஸ், காம்ப்டன், மும்பையின் தாராவி. முகவரி இல்லாத ராப் பாதி ராப்.

ஆதி கோவைக்காரர். சென்னையில் இல்லாமல், சினிமாக் குடும்பத்தில் பிறக்காமல், கோவையிலிருந்து ஒரு பையன் போனை வைத்தே தமிழ்நாடு முழுக்க ஒலிக்க முடியும் என்று காட்டியது இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இங்கே படிப்பு என்றால் இன்ஜினியரிங், தொழில் என்றால் மில், பனியன், கோழிப்பண்ணை, விட்டால் ஃபைனான்ஸ். பாட்டு என்பது ஆண்டு விழாவோடு முடிகிற சங்கதி. அந்த வரிசையைக் கலைத்தவர் ஆதி. இதற்கான கடன் தனிக்கணக்கு. அதை யாரும் அழிக்க முடியாது.

ஆனால் ஆல்பத்துக்குள் போய்த் தேடினால், என் காதுக்கு அங்கே கோவை கேட்கவில்லை. பேச்சு ஒரு பொதுவான நகரத் தமிழ். எந்த ஊர் காலேஜ் கேன்டீனிலும் பேசக்கூடியது. "என்ற", "உன்ற", "அக்கட்ட", "சொல்லோணும்" எதுவும் மேலே எழுந்து வரவில்லை. காரணத்தை ஊகிக்க முடிகிறது. நம் சினிமாவில் கொங்குத் தமிழுக்கு இரண்டே வேஷம்தான். ஒன்று, கோவை சரளா வரும்போது சிரிக்க. இரண்டு, திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பெரியவர் வரும்போது எழுந்து நிற்க. மணிவண்ணனும் சத்யராஜும் அதை நக்கலுக்கு இன்னும் கொஞ்சம் விரித்தார்கள். இருபது சொச்சம் வயசில் கோபமாகப் பாட வந்த பையனுக்கு இரண்டும் பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ராப்பின் அடிப்படை இலக்கணம் 'நீ', 'டா'. எதிராளியை நேருக்கு நேர் ஒருமையில் சீண்டுவது. கொங்குத் தமிழின் அடிப்படை இலக்கணம் 'ங்க'. சண்டையில்கூட அது போகாது. "என்னங்க, ஒதை வேணுமாங்க?" என்று கேட்கிற ஊர் இது. மரியாதை கொடுத்துக்கொண்டே ஒருவனை எப்படிக் கிழிப்பது? இது பலவீனம் மாதிரித் தெரியும். யோசித்தால் பெரிய ஆயுதம். ஒவ்வொரு அடியும் 'ங்க' என்று முடிந்து, உள்ளே முழுக்க விஷம் இருக்கிற ஒரு ராப்பைக் கற்பனை செய்து பாருங்கள். உலகத்தில் வேறெந்த ஹிப்ஹாப்பிலும் அது இருக்காது. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

'தெருக்குரல்' ஆல்பத்துக்கு முகவரி இருக்கிறது. அறிவு அரக்கோணத்துக்காரர். வடதமிழ்நாட்டின் பேச்சு, கானாவின் இழுப்பு, ஒப்பாரியின் விம்மல் எல்லாம் அவர் குரலில் வருகின்றன. 'வல்லவன்' சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் வேறு மாதிரி செய்கிறார். யோகி பி குழு ராஜாவின் தட்டைத் திரும்பக் கேட்டது. அறிவு, தட்டில் ஏறாமலே போன குரல்களைத் திரும்பக் கேட்கிறார்.

தலைப்பையே பாருங்கள். திருக்குறள், தெருக்குரல். எழுதினால் 'ற'வுக்கும் 'ர'வுக்கும், 'ள்'ளுக்கும் 'ல்'லுக்கும் வித்தியாசம் இருக்கிறது. வாயால் வேகமாகச் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏட்டில் இருப்பது குறள், வாயில் இருப்பது குரல். 'திரு'வை எடுத்துவிட்டுத் 'தெரு'வை வைத்துவிட்டார். ஒற்றைச் சொல்லில் இவ்வளவு வேலை செய்த ஆல்பத் தலைப்பு தமிழில் வேறு எனக்குத் தெரியாது.

மூன்றாம் எடை: தமிழன் யார்?

இரண்டு ஆல்பமும் உண்மையில் மோதிக்கொள்கிற இடம் இது.

'ஹிப்ஹாப் தமிழன்' ஒருமையில் நிற்கும் சொல். தமிழன் என்று ஒரு ஆள் இருக்கிறான், அவனுக்கு மொழி இருக்கிறது, பெருமை இருக்கிறது, அதை மறந்துகொண்டிருக்கிறான், ஞாபகப்படுத்த வேண்டும். ஆல்பத்தின் மனநிலை இதுதான். ஹிப்ஹாப் தமிழாவின் சின்னமே பாரதியின் முண்டாசும் மீசையும். இந்த மனநிலைக்கு ஒரு வெப்பம் உண்டு. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் முதல் வருஷம் ஆங்கிலம் புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு, ஸ்டைலான ஒரு தாளத்தில் தன் மொழி வந்து தோளில் கை போட்டது மாதிரி இருந்தது.

அதே மனநிலைக்கு ஒரு கோணலும் உண்டு. பெருமை பேசுகிறவர் சீக்கிரம் கண்காணிப்பாளர் ஆகிவிடுவார். 'கிளப்புல மப்புல' பாட்டில் பண்பாடு கெட்டுப்போகிறது என்ற கவலை, கடைசியில் குடிக்கிற பெண்ணின் மேல் போய் இறங்குகிறது. டாஸ்மாக் வாசலில் வரிசையில் நிற்கும் ஆண்கள் லட்சக்கணக்கில் இருக்கும் மாநிலத்தில், ராப் பாடகர் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்தது கிளப்பில் இருக்கும் பெண்ணை. பெண்களை மட்டம் தட்டுகிறது என்று இந்தப் பாட்டின் மேல் வந்த விமர்சனம் நியாயமானது. தாளம் எவ்வளவு துள்ளினாலும் உள்ளே இருப்பது ஒரு பெரியப்பாவின் கண்டிப்பு. ஹிப்ஹாப் போட்டுக்கொண்டு வந்தாலும் திண்ணைப் பேச்சு திண்ணைப் பேச்சுதான்.

அறிவுக்குத் 'தமிழன்' என்பது முடிந்துபோன விடையாக இல்லை. அவர் வந்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய குழு. பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அந்தப் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்தது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்', பிறகு வெறும் 'தமிழன்'. அதற்கு முந்தைய வருஷம் அதே சென்னையிலிருந்து வரத் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையை நடத்தியவர் பாரதி. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஊரில், ஒரே சமயத்தில், நாம் யார் என்ற கேள்விக்கு இரண்டு பத்திரிகைகள் இரண்டு விதமாக எழுதின. இந்த இரண்டு ஆல்பங்களும் அந்தப் பழைய வழக்கின் புது வாய்தா என்று எனக்குத் தோன்றுகிறது.

'தெருக்குரல்' ஆல்பத்தின் 'ஆன்டி இந்தியன்', கேள்வி கேட்கிறவர் நெற்றியில் அந்த வருஷங்களில் ஒட்டப்பட்ட முத்திரையையே எடுத்துத் தலைப்பாக்கியது. 'ஸ்னோலின்', 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்ட பெண்ணின் பெயர். சம்பவம் நடந்த அடுத்த வருஷமே ஒரு ராப் ஆல்பம் அந்தப் பெயரைப் பாட்டுக்கு வைக்கிறது. இரண்டு ஆல்பத்திலும் வரும் பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் திருத்தப்பட வேண்டியவள். இன்னொன்றில் பெயரோடு நினைக்கப்பட வேண்டியவள்.

பிறகு 'கள்ள மௌனி'. நம் மூன்றாவது ஆளைத் தேடி வரும் பாட்டு இது. எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பவனைக் குறிவைக்கிறது. பப்ஸைக் கடித்துக்கொண்டு "நான் நியூட்ரல்" என்பவர் இதை ஒரு நல்ல பீட் என்று மட்டும் ரசித்துவிட்டுப் போக முடியாது. பாட்டே அவரைப் பற்றியது. கேட்கிறவரின் நடுநிலையையே கேள்வி கேட்கும் ஆல்பத்தை நடுநிலையாக எப்படி மதிப்பிடுவது?

இதற்குத் தெருக்குரல் தன் தலைப்பில் கலாய்த்த புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. அதில் வள்ளுவர் காட்டும் உவமை தராசுக் கோல். தராசு முதலில் தன்னைச் சமன் செய்துகொள்ளும், பிறகு எடை பார்க்கும். எடை பார்க்கும்போது கனமான தட்டு இறங்கத்தான் செய்யும். கல் வைத்த பிறகும் இறங்காமல் நிற்கிற தராசை யாரும் நேர்மையான தராசு என்று சொல்லமாட்டார்கள். முள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

ஒலிபெருக்கிச் சோதனை

இவ்வளவும் ஹெட்ஃபோனில் கேட்டு எழுதியது. ஹெட்ஃபோனில் எல்லோரும் நடுநிலைதான். காதுக்குள் அம்பேத்கரும் ஓடலாம், அய்யப்பனும் ஓடலாம், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனால் எங்கள் பக்கம் பாட்டு என்பது பெரும்பாலும் ரேடியோ செட். கல்யாணம், காதுகுத்து, நோம்பி எதுவானாலும் கூம்பு ஸ்பீக்கரும் பாக்ஸும் வைத்து ஊருக்கே போடுவது.

சில வருஷம் முன்பு தாராபுரத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பி. ஊர் பெயர் வேண்டாம். ரேடியோ செட்டுக்காரர் எங்கள் சிநேகிதர். பையன்கள் ஆடுவதற்குப் பென் டிரைவில் பாட்டு ஏற்றிக்கொண்டு போனோம். ஆதி பாட்டு நாலைந்து ஓடியது. பெரியவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தைகள் ஆடினார்கள். அடுத்து 'தெருக்குரல்' ஆல்பத்திலிருந்து ஒன்று ஏறியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கமிட்டியிலிருந்து ஒருவர் வந்தார். கோபம் எல்லாம் இல்லை. சிரித்த முகம். "தம்பி, இந்தப் பாட்டெல்லாம் இங்க வேண்டாமுங்க. நல்ல பாட்டாப் போடுங்க" என்றார். சிநேகிதர் மாற்றிவிட்டார். அவருக்கு அடுத்த வருஷமும் அந்த ஆர்டர் வேண்டும்.

மறுநாள் அதே ஊரில், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் அவர்களுக்கான பூஜை. அதே சிநேகிதர், அதே பாக்ஸ், அதே பென் டிரைவ். அங்கே 'தெருக்குரல்' முழுசாக ஓடியது. ஆதியும் ஓடினார். இரண்டுக்கும் ஆடினார்கள்.

இந்த இரண்டு நாளையும் எப்படி வாசிப்பது? ஆதி கட்சிக்காரர், "பாத்தீங்களா, ஆதி ரெண்டு தெருவுக்கும் போறாரு" என்பார். உண்மை. எல்லா வாசலிலும் செருப்பை விட்டு உள்ளே போகிற பாட்டுக்கு ஒரு தேவை இருக்கிறது. அது சின்ன சாதனை இல்லை. அறிவு கட்சிக்காரர், "அவரு பாட்டுல யாரையும் தொந்தரவு பண்ற மாதிரி ஒண்ணும் இல்ல, அதான் எல்லா வாசலும் தொறக்குது" என்பார். இதுவும் உண்மை. ஒரு பாட்டு இரண்டு தெருவிலும் ஒலித்தது. இன்னொரு பாட்டு, ஊரில் இரண்டு தெரு இருக்கிறது என்பதையே காதுக்குக் கேட்கும்படி செய்தது.

கமிட்டிக்காரர் பாட்டைச் சரியாகக் கேட்டார் என்றும் சொல்ல வேண்டும். பல விமர்சகர்களைவிடச் சரியாக. ஒரு நிமிஷத்துக்குள் அந்த ஆல்பம் யாரிடம் பேசுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கொங்கு நாட்டுக்கு இது புதிய காட்சியும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெருங்கதை அண்ணன்மார் கதை. உடுக்கை அடித்துக்கொண்டு, பேச்சும் பாட்டுமாக மாறி மாறி, இரவிரவாகச் சொல்வார்கள். 1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி அதை முழுசாக ஒலிப்பதிவு செய்தார். தாளத்தின் மேல் பேச்சை ஓட்டும் அந்தக் கலையைக் கேட்டால், ராப் நமக்குப் புதுசு என்று யாரும் சொல்லமாட்டார்கள். கதையின் நாயகர்கள் பொன்னரும் சங்கரும். அவர்களோடு எப்போதும் இருக்கும் துணை சாம்புவன், பறை அடிக்கும் குடியில் பிறந்தவன். விசுவாசம் மிக்கவன், பலசாலி, கதையில் முக்கியமான பல இடங்களில் வருகிறான். ஆனால் கதை அவனுடைய கதை இல்லை. சாம்புவன் தன் கதையைத் தானே சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. 'தெருக்குரல்' கேட்கும்போது எனக்கு அந்தக் கேள்வி வருகிறது.

எடை

'ஹிப்ஹாப் தமிழன்' இல்லாமல் 2010களின் தமிழ்ச் சுயாதீன இசையை எழுத முடியாது. மெட்டு இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, கோவையிலிருந்து கிளம்பிய முதல் அடி என்ற சிறப்பு இருக்கிறது. இன்று கேட்கும்போது அதில் பாதி அந்த வயசின் ஞாபகமாகத்தான் நிற்கிறது, மீதிப் பாதி ஒரு நல்ல பாடகரின் வருகை அறிவிப்பாக. 'தெருக்குரல்' கேட்கக் கஷ்டமான ஆல்பம். சீரற்றது, சில இடங்களில் கத்துகிறது. ஆனால் சொல்லிலும் தாளத்திலும் முகவரியிலும் அது அதிக வேலை செய்திருக்கிறது. யாரிடம் பேசுகிறோம், யாருக்காகப் பேசுகிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. தட்டு 'தெருக்குரல்' பக்கம் இறங்குகிறது. நம்ம ஊர்க்காரர் மற்றத் தட்டில் இருப்பதால் அதை விரல் கொடுத்து நிறுத்த நான் தயாரில்லை.

இதை பேக்கரியில் சொன்னால் அடி விழாது, ஆனால் நிச்சயம் "அப்படிங்களா" என்று ஒரு இழுவை வரும். கொங்குத் தமிழில் அதைவிடக் கடுமையான மறுப்பு கிடையாது.

எனக்கு இனி வேண்டியது மூன்றாவது ஒரு ஆல்பம். காங்கயத்திலோ பல்லடத்திலோ உடுமலையிலோ தறிச் சத்தத்தில் வளர்ந்த ஒருத்தியோ ஒருத்தனோ, அந்த 'ங்க'வைக் கையில் எடுத்து, உடுக்கையை மைக் முன்னால் வைத்து, கமிட்டிக்காரருக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துப் பாட வேண்டும். ரேடியோ செட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தால் முதல் நாளே போடுகிறாராம். கமிட்டி என்ன சொல்லும் என்று கேட்டேன். "அத அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார்.